எந்தச் செடி, எந்த மூட்டை, எந்தச் சோதனை?

மூலிகை மருந்துகளின் தரம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுபவர், கொல்லம் பக்கத்து ஆயுர்வேத மருந்து ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தைக் கவனித்து ஓய்வுபெற்று, இப்போது செங்கோட்டையில் வசிக்கும் வேதியியலாளர்.

அக்கா, வீட்டுக்காரருக்கு மஞ்சள்காமாலை. தென்காசியில் நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த கீழாநெல்லிக் கட்டு ஒன்று வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே செடி மாதிரித் தெரியவில்லை. கொடுக்கலாமா? (வாசகி, புளியரை)

கீழாநெல்லிக்கு முன்னால் காமாலையைச் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. கண் மஞ்சளாவது ஒரு அடையாளம்தான். வைரஸாலும் வரும், பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் வரும், எலிக்காய்ச்சலிலும் வரும். எது என்று ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்தான் சொல்லும். அதை இன்றே பார்த்துவிடுங்கள். கல் அடைத்திருந்தால் எந்தக் கீழாநெல்லியும் அதை நகர்த்தாது.

இனி அந்தக் கட்டு. உங்கள் சந்தேகம் சரியானது. கீழாநெல்லி என்று நாம் சொல்லும் பில்லாந்தஸ் அமாரஸ் செடிக்கு, பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் பங்காளிகள் பல உண்டு. வயலோரத்தில் எல்லாம் கலந்தே முளைக்கும். பறிப்பவர்கள் கைக்கு வந்ததை அரிந்து கட்டுவார்கள். 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தென்னிந்தியக் கடைகளில் வாங்கிய கீழாநெல்லியை மரபணு முறையில் பார்த்தார்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மாதிரிகளில் சரியான இனம் இருந்தது. மிச்சத்தில் வேறு ஐந்து பில்லாந்தஸ் இனங்கள் இருந்தன. இதில் ஏமாற்று எவ்வளவு, அறியாமை எவ்வளவு என்று எந்தக் கருவியும் பிரித்துச் சொல்லாது. என் அனுபவத்தில் அறியாமைதான் அதிகம்.

வீட்டில் பார்க்கக் கூடியது இவ்வளவு. சிறு கிளையின் அடிப்பக்கம் காய் வரிசையாகத் தொங்கும். அமாரஸின் காய் வழவழப்பாக, சின்னக் காம்போடு இருக்கும். தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாத மாதிரி கிளையோடு ஒட்டியிருந்தால் அது யூரினேரியா என்ற இனம். காய்ந்து நொறுங்கிய கட்டில் இதுவும் கஷ்டம். பொடியாக வாங்கினால் கண்ணால் ஒன்றும் ஆகாது.

ஆலைக்கு மூட்டை வந்ததும் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்தில் கையை விட்டு எடுப்போம், ஏனென்றால் நல்ல சரக்கு எப்போதும் வாய்க்கட்டுப் பக்கம்தான் இருக்கும். எடுத்ததைக் குவித்து, நாலாக வகுந்து, எதிரெதிர்ப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி குவிப்போம். கடைசியில் மிஞ்சும் கைப்பிடி அந்த மூட்டை முழுவதற்கும் சாட்சி சொல்லும். அதில் புல், கல், வேறு செடி எல்லாவற்றையும் பொறுக்கி எடை போடுவோம். பெரும்பாலான சரக்குகளுக்கு இது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது மருந்தின் தரத்தை வகுக்கும் மருந்தியல் நூலின் கணக்கு. பிறகு ஒரு பங்கை எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்க வைப்போம். செடியின் உப்பெல்லாம் கரைந்துவிடும். கரையாமல் அடியில் நிற்பது பெரும்பாலும் மணல். வேரோடு பிடுங்கி உதறாமல் கட்டினவர் யார் என்பது அந்தக் கிண்ணத்தில் தெரிந்துவிடும்.

கடைசியாக, சாற்றில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குத் தகடு. சாற்றைத் துளியாக வைத்து, கரைப்பான் தகட்டில் ஏறினதும் புற ஊதா விளக்கில் பார்த்தால் கோடுகள் வரிசையாக நிற்கும். இதை ஆய்வகங்களில் செடியின் கைரேகை என்பார்கள். அமாரஸில் பில்லாந்தின் என்ற பொருளின் கோடு, நிறம் காட்டும் ரசாயனத்தைத் தெளித்துச் சூடாக்கினால் தெளிவாக எழும். யூரினேரியாவில் அது மங்கும், அல்லது வரவே வராது.

உங்கள் கட்டைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, பூவும் காயும் உள்ள பச்சைச் செடியாகக் கேளுங்கள். அதைப் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலோ பக்கத்து அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவரிடமோ காட்டி, அவர் சொல்லும் அளவில் கொடுங்கள்.

அம்மா, மகளுக்குப் படிப்பில் ஞாபகசக்திக்காகப் புனலூரில் ஒரு பிரமி கேப்சூலும், ஆன்லைனில் ஒரு பிரமி கேப்சூலும் வாங்கினோம். இரண்டும் மணம், நிறம் எல்லாம் வேறு. எது போலி? (வாசகர், ஆரியங்காவு)

இரண்டுமே போலியாக இல்லாமல் இருக்கலாம். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாம் பிரமி என்பது நீர்ப்பிரமியை, அதாவது பாகோப்பா மோனியேரியை. வடக்கே பல இடங்களில் அந்தப் பெயரில் விற்பது வல்லாரை, சென்டெல்லா ஏசியாடிகா. சங்குபுஷ்பத்திலும் இப்படித்தான். கேரளத்து வைத்தியர் காக்கணங்கொடியை எடுப்பார், வடநாட்டு வைத்தியர் வேறொரு செடியை எடுப்பார். அதனால் லேபிளில் தாவரவியல் பெயர் இருக்கிறதா, செடியின் எந்தப் பாகம், ஒரு கேப்சூலில் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். தாவரவியல் பெயர் போடாத டப்பாவைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

இதைவிட எனக்குக் கவலை வேறு. நீர்ப்பிரமி ஓடைக்கரையிலும் சாக்கடை கலக்கும் குட்டையிலும் ஒரே செழிப்பாக வளரும். தண்ணீரில் இருக்கும் ஈயத்தையும் காட்மியத்தையும் தன் உடம்பில் சேர்த்துவைக்கும் இயல்பு அதற்கு உண்டு. செடி நூற்றுக்கு நூறு சரியானதாக இருந்தும், அது நின்ற தண்ணீர் கெட்டதாக இருந்தால் பிள்ளைக்குப் போவது ஈயம். மூலிகைக்கு இருக்கும் உச்ச வரம்பு இது: ஈயம் 10 பிபிஎம், ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த நிறுவனத்துக்கு எழுதி, உங்கள் டப்பாவில் உள்ள பேட்ச் எண்ணுக்கான கன உலோக அறிக்கையைக் கேளுங்கள். கேட்டால் அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. அனுப்பாதவர்களிடம் வாங்க வேண்டாம்.

சித்தூரில் சின்னதாக ஒரு மூலிகைக் கடை வைத்திருக்கிறேன். கம்பெனிக்காரர்கள் '10:1 எக்ஸ்ட்ராக்ட், லேப் டெஸ்டட்' என்று ஒரு தாளைக் காட்டுகிறார்கள். எல்லாவற்றிலும் 'பாஸ்' என்று இருக்கிறது. அதை நம்பி விற்கலாமா அக்கா? (வாசகர், பாலக்காடு மாவட்டம்)

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பகுதியை எழுதச் சம்மதித்தேன். சோதனை என்பது கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். கேட்காததைத் தானாக முன்வந்து சொல்லாது. ஈயம் இருக்கிறதா என்று கேட்டால் ஈயத்தைப் பற்றிச் சொல்லும், டப்பாவில் இருப்பது நிலவேம்பா வைக்கோலா என்று சொல்லாது. சுத்தமான வைக்கோலும் கன உலோகச் சோதனையில் பாஸ் ஆகும். அதனால் 'பாஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் உள்ள வரியைப் படியுங்கள்: என்ன கேட்டிருக்கிறார்கள்?

10:1 என்பது பத்துக் கிலோ செடியிலிருந்து ஒரு கிலோ சாரம் எடுத்தார்கள் என்று மட்டும் சொல்கிறது. எதில் எடுத்தார்கள்? தண்ணீரிலா, எத்தனாலிலா, மெத்தனாலிலா, ஹெக்ஸேனிலா? ஒரே செடியிலிருந்து ஒவ்வொரு கரைப்பானும் வேறு வேறு பொருளை இழுத்துவரும். தண்ணீர் அல்லாத வேறு கரைப்பான் என்றால், அதன் மிச்சம் சாரத்தில் எவ்வளவு நிற்கிறது என்ற சோதனை வேண்டும். மெத்தனாலுக்கு 3000 பிபிஎம், ஹெக்ஸேனுக்கு 290 பிபிஎம் வரை என்பது உலகம் முழுவதும் மருந்துத் துறை பின்பற்றும் வரம்பு. சாரத்தைப் பொடியாக உலர்த்தும்போது மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் சேர்ப்பது வழக்கம்தான், தவறில்லை. அது எத்தனை சதவீதம் என்று எழுதாமல் விடுவதுதான் தவறு.

மஞ்சள் சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். '95 சதவீதம் குர்க்குமின்' என்று தாளில் இருக்கும். நிறத்தின் அடர்த்தியை மட்டும் அளக்கும் கருவியில் பார்த்திருந்தால், மஞ்சள் நிறமுள்ள எதுவும் அந்தக் கணக்கில் ஏறிவிடும். பொருள்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் பார்த்தால் மஞ்சளில் இயற்கையாக இருக்கும் மூன்று குர்க்குமினாய்டுகளும் மூன்று முகடுகளாகத் தனித்தனியே எழும். ஒற்றை முகடு மட்டும் உயர்ந்து நின்றால், அது வயலில் விளைந்த மஞ்சள்தானா, ரசாயன ஆலையில் செய்ததா என்று கேட்க வேண்டும். சேர்மத்தில் உள்ள கார்பன்-14 அளவைப் பார்த்து அதையும் உறுதி செய்யலாம். செடி காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் கார்பனில் அது கொஞ்சம் இருக்கும். பெட்ரோலியத்திலிருந்து செய்ததில் கார்பன்-14 இருக்காது.

தாளில் நான் முதலில் தேடுவது எண்களை அல்ல. பேட்ச் எண் உங்கள் பெட்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா, தேதி என்ன, மாதிரியை யார் எடுத்துக் கொடுத்தார்கள், ஆய்வகங்களின் தகுதியைச் சரிபார்க்கும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் ஆய்வகத்துக்கு உண்டா, அந்த அங்கீகாரம் இந்தச் சோதனைக்கும் சேர்த்துத்தானா என்று பார்ப்பேன். அறிக்கையின் அடியில் 'எங்களிடம் தரப்பட்ட மாதிரிக்கு மட்டும்' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அது சத்தியமான வரி. இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரே தாளை எல்லா ஊர்க் கடையிலும் காட்டுகிறார்கள் என்றால், உங்கள் அலமாரியில் உள்ள டப்பாவைப் பற்றி அந்தத் தாளுக்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் ஆலையில் அசோகப்பட்டை லாரி வந்த ஒரு நாளைச் சொல்ல வேண்டும். பெண்களுக்குக் கொடுக்கும் அசோகாரிஷ்டத்துக்கு வேண்டியது சராக்கா அசோகா மரத்தின் பட்டை. அந்த மரம் காட்டில் அருகிவிட்டது. அதன் இடத்தில் நெட்டிலிங்கப் பட்டை வருவது இந்த வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அன்று வந்ததில் பாதிக்கு மேல் நெட்டிலிங்கம். நுண்ணோக்கியில் ஐயமே இல்லை. திருப்பி அனுப்பினோம். கேட்டைத் தாண்டி லாரி வலப்பக்கம் திரும்பியபோது எனக்குள் எழுந்த கேள்வி இன்னும் போகவில்லை: அந்தப் பட்டை அடுத்து எந்த ஆலைக்குப் போயிருக்கும், எந்தப் பெண்ணின் அரிஷ்டத்தில் கலந்திருக்கும்? ஓர் ஆய்வகம் தன் வாசலைத்தான் காக்கும். தள்ளிவிட்ட சரக்கின் விவரம் எல்லா ஆய்வகத்துக்கும் போய்ச் சேரும் ஏற்பாடு வந்தாக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

களியக்காவிளைச் சந்தையில் ஒருவர் தரும் மூட்டுவலிப் பொடியை அம்மா ஆறேழு மாதமாகச் சாப்பிடுகிறார். முதல் நாளே வலி போய்விட்டது. இப்போது முகம் உப்பி, வட்டமாக இருக்கிறது. சர்க்கரையும் ஏறியிருக்கிறது. பொடியை உடனே நிறுத்திவிடட்டுமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

நீங்களாக நிறுத்தாதீர்கள். பொடியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு இன்றே பொது மருத்துவரிடம் போங்கள்.

காரணம் சொல்கிறேன். பச்சிலை எதுவும் பல வருஷத்து மூட்டுவலியை ஒரே நாளில் அடக்காது. அப்படி அடக்கினால் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்திருக்க இடமுண்டு. முகம் நிலா மாதிரி உப்புவதும் சர்க்கரை ஏறுவதும் அதற்கு ஒத்துப்போகின்றன. வெளியிலிருந்து மாதக்கணக்கில் ஸ்டீராய்டு வந்தால், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று பொடியை விட்டால் உடம்பில் அந்தச் சுரப்பே இல்லாமல் போய், ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் அளவு பார்த்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மிச்சப் பொடியைத் தூக்கி எறியாதீர்கள். பொட்டலத்தோடு ஒரு உலர்ந்த பாட்டிலில் போட்டு, வாங்கின தேதியை எழுதிவையுங்கள். தனியார் ஆய்வகத்தில் கொடுத்தால் 'மூலிகைப் பொடி, சோதிக்கவும்' என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். அவர்கள் ஈரப்பதமும் சாம்பலும் பார்த்துத் தாள் தந்துவிடுவார்கள். 'ஸ்டீராய்டும் ஆங்கில மருந்து வலிநிவாரணியும் கலந்திருக்கிறதா என்று எல்சி-எம்எஸ் கருவியில் பார்க்கவும்' என்று எழுதுங்கள். மாவட்ட சித்த மருத்துவ அலுவலருக்கும் மருந்து ஆய்வாளருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். அதே சந்தையில் உங்கள் அம்மா வயதில் இன்னும் பலர் வரிசையில் நிற்கிறார்கள்.

எங்கள் மகளிர் குழு நிலவேம்புக் குடிநீர்ப் பொடி செய்து கேரளத்திலும் விற்க நினைக்கிறது. என்னென்ன சோதனை வேண்டும்? உணவுப் பொருள் லைசென்ஸ் போதுமா? (குழுத் தலைவி, பண்பொழி)

போதாது. நிலவேம்புக் குடிநீர் சித்த மருந்து. மாநில உரிம அதிகாரியிடம் 24-டி படிவத்தில் விண்ணப்பித்து 25-டி உரிமம் வாங்க வேண்டும். இடம், கருவி, தகுதியுள்ள ஆள் எல்லாம் கேட்பார்கள். சொந்தமாக வசதி இல்லையென்றால், உரிமமுள்ள ஆலையில் உங்கள் பெயருக்குச் செய்து வாங்கும் லோன் லைசென்ஸ் வழியும் உண்டு. உரிமம் கிடைத்துவிட்டால் எல்லை தாண்டி விற்கத் தனி உரிமம் வேண்டாம்.

சோதனைக்கு முன்னால் உலர்த்தலைப் பேச வேண்டும் தாயி, ஏனென்றால் நம் ஊர்க் காற்று அப்படி. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் சாரல் குற்றாலத்துக்கு வரம், மூலிகைக்கு எமன். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கில் ஒன்று ஈரமாக இருந்தாலும் ஒன்பதும் கெடும். ஈரத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு ஊறும். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் பக்கத்துப் பழங்குடி ஊர்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்று நூறு பேருக்கு மேல் செத்தது இதனால்தான். 'கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறோம்' என்று சொல்லாதீர்கள். கொதியில் கிருமி சாகும், அஃப்ளடாக்சின் சாகாது. பூஞ்சையைத் தட்டிவிட்டு வெயிலில் போட்டாலும் போகாது. ஈரல் மருந்தென்று நம்பிக் குடிப்பவரின் ஈரலையே அது தின்னும்.

ஆகவே சிமென்ட் தரையில் பரப்பாமல், கால் உயரத்துக்கு மேல் கம்பிவலைத் தட்டு போட்டு உலர்த்துங்கள். சாரல் மாதங்களில் சூடான காற்றடிக்கும் உலர்த்தி இல்லாமல் பொடி இடிக்காதீர்கள். முதல் நாள் இடித்த பொடியை மூடும் முன் ஆறவிடுங்கள், இல்லாவிட்டால் டப்பாவின் உள்ளே வேர்க்கும்.

ஒவ்வொரு பேட்சுக்கும் கேட்க வேண்டியவை: சரக்கின் அடையாளம், ஈரம், சாம்பல், அமிலத்தில் கரையாத சாம்பல், நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராபோலைடு அளவு, கன உலோகம், அஃப்ளடாக்சின், பூச்சிக்கொல்லி மிச்சம், நுண்ணுயிர். நுண்ணுயிரில் மொத்த எண்ணிக்கை கிராமுக்கு ஒரு லட்சத்துக்குள், பூஞ்சையும் ஈஸ்ட்டும் ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். ஈ.கோலை, சால்மொனெல்லா, ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஆருஜினோசா நான்கும் அறவே இருக்கக் கூடாது. ஈ.கோலை வந்தால் செடியைத் திட்டாதீர்கள். கழுவின தண்ணீரையும் அள்ளின கையையும் பாருங்கள். பணம் குறைவாக இருந்தால் பேட்சுகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பெரிய பேட்சாகச் செய்யுங்கள், சோதனையைக் குறைக்காதீர்கள்.

பேச்சிப்பாறைப் பக்கம் எங்கள் தாத்தா காலத்திலிருந்து ஈசுவரமூலி வேரைக் காய்ச்சலுக்கும் விஷக்கடிக்கும் இடித்துக் குடிக்கிறோம். ஒரு ஆய்வகத்தில் கன உலோகம், கிருமி எல்லாம் சரி என்று அறிக்கை வாங்கியிருக்கிறேன். இனி தைரியமாகத் தரலாம்தானே? (வாசகர், குமரி மாவட்டம்)

வேண்டாம் ஐயா. பரம்பரையாக வந்த அறிவின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. அகத்தியமலைக் காணிக்காரர்கள் காட்டித்தந்த ஆரோக்கியப்பச்சை என்ற செடியை, பாலோடு என்ற ஊரில் உள்ள தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள் மருந்தாக்கி, வந்த வருமானத்தில் அவர்களுக்கும் பங்கு கொடுத்தது நம் மலையில் நடந்த நல்ல காரியம். ஆனால் ஈசுவரமூலி அரிஸ்டலோக்கியா இனம். ஆடுதின்னாப்பாளையும் அதேதான். இந்தக் குடும்பச் செடிகளில் அரிஸ்டலோக்கிக் அமிலம் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த அழுக்கு இல்லை அது, செடியின் சொந்தச் சரக்கு. அதனால் நீங்கள் வாங்கின அறிக்கையில் அது வரவே வராது. அதை யாரும் கேட்கவில்லை.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மருந்து சாப்பிட்ட நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகம் கெட்டது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா வேர் கலந்துவிட்டது காரணம். பிறகு அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. பால்கன் நாடுகளில் கோதுமை வயலில் களையாக நின்ற இதே இனத்தின் விதை மாவில் கலந்து, தலைமுறை தலைமுறையாகச் சிறுநீரக நோய் வந்தது. அது என்ன நோய் என்று தெரியவே பல பத்தாண்டுகள் ஆயின. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. குடித்த அன்றோ மறு மாதமோ ஒன்றும் தெரியாது. வருஷங்கள் கழித்துச் சிறுநீரகம் சுருங்கும்போது, யாரும் இந்த வேரை நினைக்க மாட்டார்கள். உங்கள் தாத்தாவும் அதனால்தான் இதைக் கண்டிருக்க முடியாது.

கொடியை வெட்ட வேண்டாம். அழகான சிறகுள்ள வண்ணத்துப்பூச்சிகள் சில முட்டையிட இதைத்தான் தேடி வரும். வேலியில் நிற்கட்டும், உள்ளுக்கு மட்டும் வேண்டாம். பாம்பு கடித்தால் நேரே அரசு மருத்துவமனை, விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது. வீட்டில் இதைப் பலமுறை குடித்தவர்கள் அனைவரும் ரத்தத்தில், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் ரத்தக் கலப்பும் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் இந்த வேரின் பெயரை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் என்ன தேட வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.